ஒரு வீட்டுக்கு இரண்டு அடுப்பு: மட்டக்களப்பு, அம்பாறைக் குசினிகளுக்கு எது பொருந்தும்?

மட்டக்களப்பு நகரிலோ கல்முனையிலோ அடுப்பு வாங்கக் கடைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் விலையையும், எத்தனை பேர்னர் என்பதையும், எத்தனை வருட உத்தரவாதம் என்பதையும் விசாரித்துவிட்டு, கண்ணாடி மேற்பரப்பின் பளபளப்பைப் பார்த்து முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். விசாரிக்க வேண்டிய மற்ற விடயங்கள் எல்லாம் வீட்டிலேயே இருக்கின்றன. குசினி வீட்டோடு சேர்ந்திருக்கிறதா, பின்வளவில் தனியே இருக்கிறதா. சமைப்பவர் நின்று சமைக்கிறாரா, பலகையில் அமர்ந்து சமைக்கிறாரா. மீன்கறி மண்சட்டியில் வேகிறதா, அலுமினியச் சட்டியிலா. மின்கட்டணப் பட்டியல் மாதாந்தம் எத்தனை அலகு காட்டுகிறது. மாரியில் வளவுக்குள் எவ்வளவு தண்ணீர் ஏறுகிறது. இவற்றுக்கு விடை தெரிந்த பிறகு கடைக்குப் போனால், அங்கே காட்டப்படும் அடுப்புகளில் பெரும்பாலானவை தாமாகவே கழிந்துவிடும்.

இந்த இரு மாவட்டங்களிலும் ஒரேயொரு அடுப்பை நம்பிக் குடும்பம் நடத்துவது உசிதமன்று என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அன்றாடச் சமையலுக்கு ஒன்றும், வேறு எரிபொருளில் எரியும் இன்னொன்றும் வேண்டும். 2021, 2022ஆம் ஆண்டுகளின் அனுபவம் இதற்குப் போதுமான சான்று. 2021 ஒக்டோபரில் சமையல் எரிவாயுவின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டபோது 1,493 ரூபாயாக இருந்த லிட்ரோ நிறுவனத்தின் 12.5 கிலோ சிலிண்டர் 2,675 ரூபாயாகவும், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாயாகவும் உயர்ந்தது. அதன் பிறகு அந்த விலைக்கும் கிடைக்காமல் மக்கள் வரிசையில் நின்றார்கள். மின்சாரத்தை நம்பலாமென்றால் 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. மண்ணெண்ணெய் அதே ஆண்டு ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே நாளில் ஏறியது. ஒரு வருடத்துக்குள் மூன்று எரிபொருள்களும் கைவிட்ட நிலையில், வளவில் விறகடுப்பை இடிக்காமல் வைத்திருந்த வீடுகளில்தான் நேரத்துக்குச் சோறு வெந்தது.

ஆகவே விறகடுப்பிலிருந்தே தொடங்குவது பொருத்தம். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது நாட்டிலுள்ள குடும்பங்களில் முக்கால் பங்குக்கும் அதிகமானவை விறகிலேயே சமைத்தன. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கங்களில் விறகு இன்னும் முதன்மை எரிபொருளாகவே இருக்கிறது. வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரையிலும் தென்னை நிற்கும் வளவுகளில் பொச்சும் சிரட்டையும் மட்டையும் பாளையும் செலவில்லாமல் கிடைக்கின்றன. விறகின் குறை, அது எரிக்கப்படும் முறையில் இருக்கிறது. திறந்த மூன்று கல் அடுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் ஏழில் ஒரு பங்கு வரைதான் பானைக்குள் செல்கிறது. மீதி காற்றோடு போய்விடுகிறது. முழுமையாக எரியாத பகுதி புகையாகிச் சமைப்பவரின் நெஞ்சுக்குள் இறங்குகிறது. வீட்டுக்குள் எழும் இத்தகைய புகையால் 2020ஆம் ஆண்டில் உலகளவில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அடுப்படியில் அதிக நேரம் இருக்கும் பெண்களும் அவர்கள் மடியிலுள்ள பிள்ளைகளுமே இதன் முதற் சுமையைத் தாங்குகிறார்கள்.

இந்தக் குறையைப் போக்க விறகையே கைவிட வேண்டியதில்லை. இலங்கையில் 1980களில் வடிவமைக்கப்பட்டுப் பரவலான ‘அனகி’ என்னும் இரட்டைக் குழி மண் அடுப்பில் விறகு ஒரு சிறு அறைக்குள் எரிகிறது. முன்குழியில் நேரடித் தீ படுகிறது, அதைத் தாண்டிச் செல்லும் சூடான வாயு பின்குழியின் அடியைத் தொட்டுவிட்டுத்தான் வெளியேற முடியும். முன்னே சோறும் பின்னே சொதியும் ஒரே தீயில் வெந்துவிடுவதால், மூன்று கல் அடுப்போடு ஒப்பிட்டால் விறகில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மீதமாகிறது. வாங்கிய அடுப்பை அப்படியே தரையில் வைத்து எரிக்காமல், சுற்றிக் களிமண் கட்டிப் பூசினால் வெப்பம் பக்கங்களால் கசிவது குறையும். மண் ஓடு வெடிப்பதும் தள்ளிப்போகும். பின்குழியில் பாத்திரம் இல்லாத வேளையில் அதைத் திறந்து விடுவது பலரிடமும் உள்ள பழக்கம். ஒரு கேத்தல் தண்ணீரை அங்கே வைத்துவிட்டால் வீணாகும் வெப்பத்தில் தேநீருக்குத் தண்ணீர் தயாராகிவிடும்.

அடுப்பைப் போலவே விறகின் ஈரமும் புகையைத் தீர்மானிக்கிறது. அன்று வெட்டிய மரத்தின் நிறையில் பாதியளவு தண்ணீராக இருக்கக்கூடும். அந்தத் தண்ணீரை ஆவியாக்கிய பிறகே தீ பானையைக் கவனிக்கும். கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பிளந்து காயவைத்து, மாரி தொடங்குமுன் அடுப்புக்கு மேலுள்ள பரணிலோ தாவாரத்திலோ அடுக்கிவிடுவது நம் பாட்டிமார் கைக்கொண்ட ஒழுங்கு. அதைவிடச் சிறந்த வழி இன்றுவரை இல்லை. தீ மூட்டுவதற்குச் சொப்பிங் பையையும் பழைய ரயர்த் துண்டையும் பயன்படுத்துவது மட்டும் நிறுத்தப்பட வேண்டும். அந்தப் புகையின் நஞ்சு விறகின் புகையோடு ஒப்பிடக்கூடியதன்று. புகைக்கூடு வைத்துக் கட்டப்பட்ட குசினிகளில் அதன் வாய் கரியால் அடைபட்டிருக்கிறதா என்று வருடத்துக்கொருமுறை பார்க்கவேண்டும். புகைக்கூடு இல்லையென்றால் குசினியைத் தனியே, காற்றோட்டமாக, சுவரின் மேற்பகுதியைத் திறந்துவிட்டுக் கட்டுவதே மேல். விறகு பொறுக்கக் காட்டோரம் போகும்போது யானை எதிர்ப்படும் கிராமங்களில், மூன்றில் ஒரு பங்கு விறகு மீதமாவது பணக் கணக்கையும் தாண்டிய நன்மை.

அன்றாடச் சமையலுக்குப் பெரும்பாலான வீடுகளுக்கு நான் பரிந்துரைப்பது சமையல் எரிவாயுவே. தீயை உடனே கூட்டலாம், குறைக்கலாம். மண்சட்டி, அலுமினியப் பானை, குழிந்த ஆப்பச்சட்டி, தாச்சி, பிட்டுப் பானை என்று எந்தப் பாத்திரத்தையும் அது ஏற்றுக்கொள்ளும். புகை மிகக் குறைவு. விறகடுப்புக் கறியின் சுவை காஸில் வராது என்பார்கள். அந்தச் சுவையின் பெரும்பகுதி மண்சட்டிக்கும் மெல்லிய தீக்கும் உரியது. சட்டியை மாற்றாமல் தீயைத் தணித்து வைத்தால் வாவி மீன்குழம்பு காஸிலும் ஏறத்தாழ அதே பக்குவத்துக்கு வரும்.

எரிவாயுவின் அடிப்படை இயல்பொன்றை வாங்குவதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும். சிலிண்டரில் உள்ள புரொப்பேன் காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கும், பியூட்டேன் ஏறத்தாழ இரு மடங்கும் பாரமானவை. கசியும் வாயு மேலெழுந்து யன்னலால் போய்விடாது. தரையில் படர்ந்து, தாழ்ந்த இடத்தில் தேங்கி நிற்கும். நமது பகுதியில் பல வீடுகளில் ஒரே குசினிக்குள் ஒரு மூலையில் தரையோடு விறகடுப்பும், மறு மூலையில் மேசைமேல் காஸ் அடுப்பும் இருக்கின்றன. இதைவிட ஆபத்தான ஏற்பாடு இருக்க முடியாது. கசிந்த வாயு தேடிப் போகும் உயரத்திலேயே விறகடுப்பின் தணல் இருக்கிறது. சமைப்பவர் நின்றுகொண்டிருந்தால் மூக்குக்கு மணம் எட்டுமுன்பே காலடியில் வாயு சேர்ந்திருக்கும். இரண்டு அடுப்பு வேண்டும் என்று மேலே சொன்னது ஒரே அறையில் வேண்டும் என்ற பொருளில் அன்று. விறகடுப்பு பின்வளவுக் குசினியிலும், காஸ் அடுப்பு வீட்டோடு சேர்ந்த சமையலறையிலுமாகப் பிரிந்திருக்க வேண்டும். அதே காரணத்தால் சிலிண்டரைக் கதவு மூடிய அலுமாரிக்குள் வைக்கக்கூடாது. வைத்தே ஆகவேண்டுமென்றால் அலுமாரியின் அடியில் காற்றுத் துவாரங்கள் இருக்க வேண்டும். வெளிச்சுவரோரம் நிழலில் சிலிண்டரை நிமிர்த்தி நிறுத்தி, குழாயைச் சுவரூடாக உள்ளே கொண்டுவருவது அதிகச் செலவில்லாத பாதுகாப்பு.

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் காஸ் அடுப்புகளும் குழாய்களும் வெடித்த செய்திகள் நாளாந்தம் வந்தமை நினைவிருக்கும். இதை ஆராய ஜனாதிபதியால் நியமிக்கப்பட்ட நிபுணர் குழு, புரொப்பேன், பியூட்டேன் கலவை விகிதம் மாற்றப்பட்டதைப் பிரதான காரணமாகச் சுட்டியது. நமது வெப்பநிலையில் தூய புரொப்பேனின் அழுத்தம் பியூட்டேனின் அழுத்தத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். கலவையில் அதன் பங்கு கூடும்போது சிலிண்டரின் உள்ளழுத்தம் உயர்கிறது, பழைய றெகுலேட்டரும் இறுகிப்போன ரப்பர்க் குழாயும் அதுவரை மறைத்து வைத்திருந்த பலவீனத்தைக் காட்டிவிடுகின்றன. கலவையை வீட்டிலிருந்து நாம் கட்டுப்படுத்த முடியாது. குழாயை இரண்டு வருடத்துக்கொருமுறை மாற்றுவதும், சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும், இரவில் அடுப்பின் திருகியோடு நிறுத்திவிடாமல் றெகுலேட்டரையும் மூடுவதும் நம் கையிலுள்ளவை.

கடலோரத்தில் வசிப்பவர்கள் அடுப்பின் உலோகத்தைப் பார்த்து வாங்க வேண்டும். காத்தான்குடியிலிருந்து நிந்தவூர், அக்கரைப்பற்று, திருக்கோவில் வரையுள்ள கரையோரக் காற்றில் உப்பு இருக்கிறது. மெல்லிய தகரத்தில் பூச்சடித்த அடுப்புகளின் அடிப்பாகம் ஓரிரு மாரிக்குள் துருப்பிடித்துப் பெயரத் தொடங்கும். துருப்பிடிக்காத உருக்கு உடலும் பித்தளைப் பேர்னர் மூடியும் உள்ளவை சற்று விலை கூடினாலும் கணக்கில் மலிவு. தானாகத் தீப்பற்றும் திருகி உப்புக் காற்றில் முதலில் பழுதாகும் பாகம் என்பதால் அதற்கென்று அதிக விலை கொடுப்பது வீண். ஒரு லைட்டர் போதும். கண்ணாடி மேற்பரப்பு துடைக்க எளிது. ஆனால் நோன்புக் கஞ்சிக்கும் விருந்துச் சோற்றுக்கும் பெரிய பானை ஏற்றும் வீடுகளுக்கு அது உகந்ததன்று. தீ நீல நிறமாக நிற்கிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். மஞ்சளாக எரிந்து சட்டியின் அடியில் கரி படிந்தால் காற்றுக் கலப்பு போதவில்லை என்று பொருள்.

இன்டக்ஷன் அடுப்பைப் பற்றி நம்மிடையே இரண்டு எதிரெதிர் நம்பிக்கைகள் உலவுகின்றன: அது மின்கட்டணத்தை விழுங்கிவிடும் என்பது ஒன்று, காஸைவிட எப்போதும் மலிவு என்பது மற்றொன்று. இரண்டையும் ஒரு சிறு கணக்கால் சோதிக்கலாம். ஒரு கிலோ எரிவாயுவில் ஏறத்தாழ 12.8 அலகு மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் இருக்கிறது, எனவே 12.5 கிலோ சிலிண்டரில் இருப்பது 160 அலகளவு. காஸ் அடுப்பில் பாதிக்குச் சற்று அதிகமான வெப்பமே பாத்திரத்துக்குச் செல்வதால் பயன்படுவது 85 முதல் 90 அலகு வரை. இன்டக்ஷன் அடுப்பு தான் எடுக்கும் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேலாகப் பாத்திரத்துக்குச் சேர்த்துவிடுவதால், அதே வேலைக்கு அதற்கு 100 முதல் 110 அலகு தேவை. மனக்கணக்குக்கு நூறு என்று கொண்டால், சிலிண்டரின் விலையை நூறால் வகுத்துவரும் தொகையே எல்லைக்கோடு. சிலிண்டர் 4,000 ரூபாய் என்றால், சமையலுக்காகக் கூடுதலாகச் செலவாகும் அலகொன்று 40 ரூபாய்க்குக் குறைவாக விழும்வரை இன்டக்ஷன் இலாபம். அதற்குமேல் காஸே இலாபம். விலைகள் மாறினாலும் இந்த வகுத்தல் மாறாது.

கூடுதலாகச் செலவாகும் அலகு எத்தனை ரூபாய்க்கு விழுகிறது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். இலங்கையின் வீட்டு மின்கட்டணம் படிமுறையானது. மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு ஒரு கட்டண அட்டவணை; 60ஐத் தாண்டியதும் வேறோர் அட்டவணை, அதில் முதல் அலகிலிருந்தே வீதம் கூடுதல்; நிலையான மாதக் கட்டணமும் படிப்படியாக ஏறுகிறது. மாதம் 55 அலகு பாவிக்கும் வீடு மாதமொரு சிலிண்டரின் வேலையை மின்சாரத்துக்கு மாற்றினால் பட்டியல் 155 அலகில் வந்து நிற்கும். அந்த நூறு அலகின் விலையோடு, முன்பு மலிவாகக் கிடைத்த 55 அலகின் விலை உயர்வையும் அந்த வீடு சுமக்க வேண்டியிருக்கும். ஆகவே பழைய பட்டியலின் மொத்தத் தொகையையும் மாற்றிய பின் வரக்கூடிய மொத்தத் தொகையையும் எழுதி, வித்தியாசத்தை நூறால் வகுத்துப் பார்ப்பதே சரியான ஒப்பீடு. கூரையில் சூரிய மின்தகடு பொருத்திய வீடுகளின் கணக்கு வேறு. பகலில் சமைக்கும் அத்தகைய வீடுகளுக்கு இன்டக்ஷன் மிகப் பொருத்தம்.

பணக் கணக்கு சரிவந்தாலும் பாத்திரக் கணக்கு இருக்கிறது. காந்தம் ஒட்டாத பாத்திரத்தை இன்டக்ஷன் அடுப்பு சூடாக்காது. ஒரு சிறு காந்தத்தை எடுத்துக்கொண்டு சொந்தக் குசினியைச் சுற்றிவந்தால் மண்சட்டி, அலுமினியப் பானை, இடியப்பம் அவிக்கும் பானை ஆகிய எல்லாம் கழிந்துபோய், தோசைக்கல்லும் சில உருக்குப் பாத்திரங்களும் மாத்திரம் மிஞ்சும். இரும்பு ஆப்பச்சட்டி காந்தத்தில் தேறினாலும் அதன் குழிந்த அடி தட்டையான கண்ணாடியில் பொருந்தாது. எந்தப் பாத்திரத்தையும் ஏற்கும் இன்ஃப்ராரெட் அடுப்பு இதற்கு மாற்றாக விற்கப்படுகிறது. அது முதலில் தன் கண்ணாடியைச் சூடாக்கி, அதன் வழியே பாத்திரத்தைச் சூடாக்குவதால் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். அணைத்த பின்பும் நெடுநேரம் சுடும் என்பதால் சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் கவனம் வேண்டும். 2,000 வாற்று அடுப்பு 230 வோல்ற்றில் ஒன்பது அம்பியர் வரை இழுக்கும். பழைய வீடுகளின் 5 அம்பியர் பிளக்கில் இதைச் செருகுவது தீயை அழைப்பதாகும். மாலையில் மின்னழுத்தம் இறங்கும் கிராமங்களில் இந்த அடுப்பு இடையிடையே நின்றுவிடுவதும் உண்டு.

இதற்கெல்லாம் முன்னதாக, மின்சாரத்தில் சமைக்க விரும்புகிறவர்கள் றைஸ் குக்கரிலிருந்து தொடங்கலாம். நமது வீடுகளில் அடுப்பை நீண்ட நேரம் பிடித்துவைத்திருப்பது சோறுதான். 700 வாற்றுக் குக்கர் அரை மணித்தியாலத்தில் எடுப்பது அலகில் மூன்றில் ஒரு பங்களவே. நாளுக்கு ஒரு பானை என்றால் மாதத்துக்குப் பத்து அலகு. சிகப்பரிசிக்குச் சற்றுக் கூடும். இந்த ஒரு மாற்றமே சிலிண்டரின் ஆயுளைக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நீட்டிவிடும்.

மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மணமும் கரியும் தீ விபத்தும் போக, 2022க்குப் பிறகு அதன் மலிவும் போய்விட்டது. கிடைக்கும் மண்ணெண்ணெய் மீனவர்களின் படகு இயந்திரங்களுக்கே போகட்டும். மரத்தூள் அடுப்பு மரஆலைக்கு அருகில் இருப்பவர்களுக்கு மாத்திரம் பயன். சாணத்திலிருந்து பெறும் எரிவாயுவான உயிர்வாயுவைப் பற்றி மாடு வளர்ப்போர் அடிக்கடி விசாரிக்கிறார்கள். ஒரு மாட்டின் நாளாந்தச் சாணத்தில் கிடைப்பது அரைக் கனமீற்றருக்கும் குறைவான வாயு. ஒரு குடும்பத்தின் சமையலுக்கு நான்கைந்து மாடுகளின் சாணம் தினமும் வேண்டும். படுவான்கரையிலும் அம்பாறையின் வயற்பகுதிகளிலும் வேளாண்மைக் காலத்தில் மாடுகள் தூரத்து மேய்ச்சல் தரைகளுக்குச் சாய்த்துச் செல்லப்படுவதால், அந்த மாதங்களில் சாணத் தொட்டி வெறுமையாகிவிடும். பட்டியில் வருடம் முழுவதும் கட்டி வளர்ப்பவருக்கே இது சரிவரும்.

வீடுகள் நெருங்கியிருக்கும் காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற இடங்களில் விறகடுப்புக்கு வளவே இல்லாத குடும்பங்கள் பல. அங்கே காஸ் அடுப்போடு றைஸ் குக்கரும், கணக்குச் சரிவந்தால் ஒற்றை இன்டக்ஷன் தட்டும் துணையடுப்பாக அமையும். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இதுவே. படுவான்கரையிலும் வளவு உள்ள கரையோர வீடுகளிலும் அனகி அடுப்பு ஒன்று, காஸ் அடுப்பு ஒன்று என்ற சோடியே எனக்குச் சிறப்பாகத் தெரிகிறது; விறகு தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் 5 கிலோ சிலிண்டரே போதுமானது. கண்ணகி அம்மன் சடங்குக்கும் தைப் புக்கைக்கும் எப்படியும் முற்றத்தில் விறகு எரியத்தான் போகிறது. அதற்கு மூன்று கல் போதும்.

துணையடுப்பு எது என்பதைத் தீர்மானிக்கும்போது வெள்ளத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2011 ஜனவரி வெள்ளத்தில் இரு மாவட்டங்களிலும் எத்தனையோ குசினிகள் நீருக்குள் இருந்தன. தரையோடு கட்டிய மண் அடுப்பு ஊறிக் கரைந்துவிடும். ஆகவே தாழ்ந்த வளவுகளில் அடுப்பை இடுப்புயரத் திண்ணையில் அமைப்பது நல்லது, நின்று சமைப்பதற்கும் அதுவே வசதி. பாதி தீர்ந்த சிலிண்டர் நீரில் மிதக்கும். மிதந்து குழாயை இழுத்துப் பிய்த்துவிடும். எனவே வளவில் நீர் ஏறத் தொடங்கும்போதே றெகுலேட்டரைக் கழற்றி உயரத்தில் வைத்து, சிலிண்டரைத் தூணோடு நிமிர்த்திக் கட்டிவிட வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய றெகுலேட்டரைக் காயவைத்து மீண்டும் பொருத்தக் கூடாது; உள்ளே இருக்கும் மெல்லிய சவ்விலும் சுருளிலும் சேறு படிந்தால் அது அழுத்தத்தைக் கட்டுப்படுத்தாது. இன்டக்ஷன் அடுப்பில் தண்ணீர் புகுந்திருந்தால், வெளியே காய்ந்ததாகத் தெரிந்தாலும் திருத்துநர் ஒருவர் திறந்து பார்க்கும்வரை அதைப் பிளக்கில் செருகக் கூடாது.